பழைய காருக்கு மாற்று ரிமோட்: பொருள் சரி, கூட வந்த சீட்டுதான் குப்பை

ரிமோட் நன்றாகவே வேலை செய்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் வழிமுறைத் துண்டுச்சீட்டை நம்பி காருக்குள் உட்கார்ந்தால் பொழுது போய்விடும், ரிமோட் மட்டும் காரோடு இணையாது.

இருபது வருஷத்தைத் தாண்டிய கார். கூட வந்த ரிமோட்டுகளில் ஒன்று எப்போதோ தொலைந்தது, மிச்சமிருந்ததும் ஒருநாள் நின்றுபோனது. கார் கம்பெனி அந்த மாடல் ரிமோட்டை இப்போது விற்பதில்லை, அதனால் பெயர் தெரியாத யாரோ செய்து இரண்டிரண்டாக விற்கும் மாற்று ரிமோட்டை வாங்கினேன்.

வாங்குவதற்கு முன்னால் கோளாறு ரிமோட்டில்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கதவில் இருக்கும் சென்ட்ரல் லாக் சுவிட்சை அழுத்துங்கள். அதற்கும் எந்தக் கதவும் அசையவில்லையா, ஃபியூஸையும் காரின் பேட்டரியையும் பாருங்கள், புது ரிமோட் வாங்கி ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரே ஒரு கதவு மட்டும் அடம்பிடித்தால் அந்தக் கதவின் லாக் மோட்டார். சுவிட்சுக்கு எல்லாக் கதவும் கேட்கிறது, ஆனால் இரண்டு ரிமோட்டும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டன என்றால் காருக்குள் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் மேல்தான் சந்தேகம் போக வேண்டும். ஒன்று வேலை செய்து மற்றது செய்யவில்லை என்றாலோ, என்னைப் போல ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்றாலோ ரிமோட்டைத் திறக்கலாம்.

திறந்ததும் பட்டன் செல். சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2025 அதே அகலம்தான், தடிமன் 2.5. இரண்டும் 3 வோல்ட் என்பதால் கையில் கிடைத்ததைப் போட்டுவிடுகிறார்கள், மெல்லியது உள்ளே ஆடிக்கொண்டு ஒரு சமயம் தொடும், ஒரு சமயம் தொடாது. செல்லைப் பிடிக்கும் தகடு படுத்துப்போயிருந்தால் லேசாக நிமிர்த்திவிடுங்கள். பச்சை படிந்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். ரப்பர் பட்டனுக்கு அடியில் இருக்கும் கரும்புள்ளி, அதாவது கார்பன் பூச்சு, தேய்ந்துபோனாலும் அந்த ஒரு பட்டன் மட்டும் செத்துவிடும். அப்புறம், ரிமோட்டில் சின்ன விளக்கு எரிகிறது, அதனால் ரிமோட் நல்லாத்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விளக்கு எரிய மின்சாரம் போதும், சிக்னல் போகிறதா என்பது வேறு கதை. என் பழையதிலும் விளக்கு கடைசிவரை எரிந்துகொண்டுதான் இருந்தது.

இனி புது ரிமோட். கார் மாடலையும் வருஷத்தையும் மட்டும் போட்டு விற்கிறார்கள், அது போதாது. பழைய ரிமோட்டின் முதுகில் இருக்கும் எண்ணும் புதியதன் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், அமெரிக்காவில் விற்ற காராக இருந்தால் எஃப்சிசி எண்ணை, அதாவது அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையத்தின் பதிவு எண்ணைப் பாருங்கள். பார்வைக்கு அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டில் ஒன்று 315 மெகாஹெர்ட்ஸ், இன்னொன்று 433.92 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கலாம். பொதுவாகப் பார்த்தால் முன்னது வட அமெரிக்கா, ஜப்பான் கார்களில், பின்னது ஐரோப்பா உட்பட மற்ற பல இடங்களில். அலைவரிசை மாறினால் எத்தனை முறை புரோகிராம் செய்தாலும், அதாவது ரிமோட்டைக் காரில் பதியப் பார்த்தாலும், காருக்குக் காது கேட்காது.

சீட்டு சொதப்பியது புரோகிராம் செய்யும் இடத்தில். எல்லாக் காருக்கும் பொதுவாக "சாவியைச் சிலமுறை திருப்பவும்" என்று அச்சடித்திருக்கிறார்கள், எத்தனை முறை, எத்தனை நொடிக்குள் என்பது மட்டும் இல்லை. அந்த இரண்டில்தானே விஷயமே இருக்கிறது! பழைய ஃபோர்டு கார்கள் பலவற்றில் சாவியை ஆஃப் நிலையிலிருந்து ரன் நிலைக்கு (ஸ்டார்ட்டுக்கு முந்தைய நிலை) 10 நொடிக்குள் 8 முறை திருப்பி, எட்டாவதில் ரன் நிலையிலேயே விட வேண்டும், கதவுகள் ஒருமுறை பூட்டித் திறந்து சரி என்று சொல்லும், அடுத்த 20 நொடிக்குள் ரிமோட்டில் ஏதாவது ஒரு பட்டனை அழுத்த வேண்டும், மறுபடி கதவு சத்தம் கேட்டால் ஏறிவிட்டது. பழைய ஹோண்டா மாடல்கள் சிலவற்றில் சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ரிமோட்டின் லாக் பட்டனையும் அழுத்த வேண்டும். சில கார்களில் மெக்கானிக்கின் ஸ்கேன் கருவி இல்லாமல் நடக்கவே நடக்காது, அதையும் சீட்டு சொல்லவில்லை. உங்கள் காரின் கையேட்டைத் தேடி எடுங்கள், என் வேலை அதை வைத்துத்தான் முடிந்தது.

இன்னொன்று, பல கார்களில் இந்த வேலையைத் தொடங்கியதுமே முன்பு பதிந்த ரிமோட்டுகள் எல்லாம் அழிந்துவிடும். எனவே வீட்டில் இருக்கும் எல்லா ரிமோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். இரட்டையாக வாங்கியதில் எனக்கு லாபம் இதுதான்.

கதவு திறந்தால் இன்ஜினும் ஸ்டார்ட் ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள். இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு, இருக்கும் காரில் சாவித் தலைக்குள் ஒரு சிப் தனியாக இருக்கும், அதற்கு பேட்டரியும் கிடையாது, இந்த ரிமோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமும் கிடையாது.

தரம் பற்றிக் கொஞ்சம். பட்டன்கள் அழுத்தமாக இருக்கின்றன, பழகிவிடும். கூடு இறுக்கமாக மூடுகிறது, சாவி வளையம் கோர்க்கும் காது மட்டும் மெலிசு. கூடவே வந்த செல் பாதி உயிரோடுதான் வந்தது, புரோகிராம் செய்வதற்கு முன்பே நல்ல செல்லாக மாற்றிவிடுங்கள். டிக்கி பட்டனுக்கு ஒட்டினாற்போல அலாரம் பட்டனை வைத்திருக்கிறார்கள், பாக்கெட்டில் போட்டு உட்கார்ந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். விற்றவரிடம் சரியான வழிமுறை கேட்டு எழுதினேன், அதே சீட்டைப் படமெடுத்து அனுப்பினார்கள். ஐந்துக்கு மூன்றரை.