கிளாட்ஸ்டன் கடிதமா, டிஸ்ரேலி கடிதமா?

விக்டோரியா காலத்து பிரிட்டிஷ் பிரதமர் ஒருவரின் கையெழுத்துக் கடிதம் வாங்க ஆசைப்படுபவர்கள் கடைசியில் இந்த இருவரிடம்தான் வந்து நிற்கிறார்கள்.

விலை: கிளாட்ஸ்டன் பொதுவாக மலிவு. 88 வயது வரை வாழ்ந்து, நான்கு முறை பிரதமராகி, அஞ்சலட்டையில்கூட எழுதித் தள்ளியவர். டிஸ்ரேலி கூடுதல் விலை.

கையொப்பம்: கிளாட்ஸ்டன் கடைசி வரை அதே பெயர்தான். டிஸ்ரேலி 1876-இல் பிரபு பட்டம் பெற்றபின் ‘பீக்கன்ஸ்ஃபீல்ட்’ என்று போட்டார், அதைப் பார்த்து வேறு யாரோ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

தாள்: இங்கேதான் என் மனம் டிஸ்ரேலி பக்கம் சாய்கிறது. 1872-இல் மனைவி மேரி ஆன் இறந்தபின், சாகும்வரை கறுப்புக் கரையிட்ட துக்கத்தாளிலேயே எழுதினார், அந்தக் கறுப்பு ஓரத்தைக் கையில் பிடித்துப் பார்த்தால் பேச்சே வராது.

பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்: வெயில் படக்கூடாது, மை வெளுத்துவிடும், அமிலமில்லாத உறையில் வையுங்கள். அப்புறம், கையொப்பம் தவிர்த்த கடித வாசகம் செயலாளர் கையால் எழுதியதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முதல் கடிதம், அளவான பட்ஜெட் என்றால் கிளாட்ஸ்டன். ஒன்றே ஒன்று போதும், அது மனதைத் தொட வேண்டும் என்றால், காசு சேர்த்து கறுப்புக் கரை டிஸ்ரேலி.