பத்து வயதுக் காரை வாங்கி ஓட்டிய அனுபவம்

நான் வாங்கும்போதே வண்டிக்குப் பத்து வயது. சின்ன ஹேட்ச்பேக். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர். ஓடோமீட்டர் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி நன்றாகவே ஓடியிருந்தது. கம்பெனி, மாடல் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பெயரைச் சொன்ன உடனே "ஓ அந்தக் கம்பெனியா, அப்போ கவலையில்லை" என்றோ, "ஐயோ அதுவா" என்றோ பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. பத்து வருடம் ஓடிய காரில் தயாரித்த கம்பெனியின் கைவண்ணத்தை விட, முன்பு வைத்திருந்தவரின் கைவண்ணம்தான் அதிகம் தெரியும். சில வருடங்களாக இந்த வண்டியோடு குடும்பம் நடத்திய பிறகு இதை இன்னும் உறுதியாகவே சொல்வேன்.

என் பட்ஜெட்டுக்குக் கடைசியில் இரண்டு வண்டிகள் தேறின. ஒன்று, இப்போது என்னிடம் இருப்பது. இன்னொன்று அதைவிட வயது குறைவு, ஓடோமீட்டரில் இதில் பாதிகூட இல்லை, பளபளவென்று பாலிஷ் போட்டு நின்றது. பார்த்த எல்லோருக்கும் அதுதான் பிடித்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கால் வைக்கும் இடத்தைப் பார்த்தேன். பிரேக் பெடலின் ரப்பரில் வலது ஓரக் கோடுகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. கிளட்ச் பெடலில் ஒரு மூலையில் ரப்பரே போய் இரும்பு எட்டிப் பார்த்தது. சீட்டின் கதவுப் பக்க விளிம்பில் பஞ்சு அமுங்கிப் போயிருந்தது. ஏறி இறங்கும்போது இடுப்பு உரசும் இடம் அது. ஸ்டியரிங்குக்குப் புது உறை, தரைக்குப் புது மேட். மீட்டர் காட்டிய தூரத்துக்கு இவ்வளவு தேய்மானம் வர வழியே இல்லை. சர்வீஸ் பில் கேட்டால், "எல்லாம் கரெக்டா பண்ணியிருக்கோம் சார்" என்ற வாய்வார்த்தைதான் வந்தது.

என் வண்டிக்கு ஒரு தடிமனான ஃபைலே இருந்தது. பில்லை எதற்குக் கேட்கிறோம் என்பது தெரிந்தால்தான் அதைப் படிக்கத் தெரியும். முதலில், ஒவ்வொரு பில்லிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். அவை சீராக ஏறிக்கொண்டே வந்தால் மீட்டரில் கை வைக்கவில்லை என்று நம்பலாம். அப்புறம், ஆயில் மாற்றிய இடைவெளி. இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் என்று தள்ளிப்போட்டு மாற்றியிருந்தால், வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அந்த எஞ்சினைத் தொடமாட்டேன். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: வண்டி மக்கர் பண்ணுவதற்கு முன்பே செய்த வேலைகள். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் மாற்றியது, பிரேக் ஆயில் மாற்றியது, கியர் ஆயில் மாற்றியது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வண்டி ஓடுகிறதே என்று பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளாத வேலை இது. இதற்கும் பில் வைத்திருக்கிறார் என்றால், அந்த மனிதரிடம் வண்டி வாங்கலாம்.

அதற்காகக் கிலோமீட்டர் குறைவான வண்டி எல்லாமே மோசடி என்று சொல்லவில்லை. நிஜமாகவே ஓடாத வண்டியும் உண்டு, அதற்கு வேறு தொல்லை. ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் வயதாவதற்கு வண்டி ஓட வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே ஹோஸ் இறுகும், சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் வெடிக்கும், ஆயில் சீல் காய்ந்து கசியும். டயரில் தரையைத் தொடும் பட்டன் தேயாமல் நிறைய இருந்தாலும் பக்கவாட்டில் மெல்லிய கீறல்கள் விழுந்துவிடும். எப்போதாவது கடைவீதிக்கு மட்டும் போய்வந்த எஞ்சின் ஒழுங்காகச் சூடேறியே இருக்காது. ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரமே கிடைத்திருக்காது. நீண்ட சாலையில் ஒரே சீராக ஓடி, நேரத்துக்கு ஆயில் கண்ட ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் எஞ்சின் இதைவிட எவ்வளவோ மேல்.

கம்பெனியைப் பார்க்கவில்லை என்றாலும், உள்ளே என்ன எஞ்சின் இருக்கிறது என்பதைக் கட்டாயம் பார்த்தேன். கையில் காசு அளவாக இருக்கும்போது சில விஷயங்களை விட்டு ஒதுங்கிவிடுவதே நல்லது. டர்போ வண்டி நன்றாக இழுக்கும். ஆனால் முந்தைய ஓனர் ஆயிலில் சிக்கனம் பிடித்திருந்தால் அதற்கான பில் நம் தலையில் விழும். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவாது. அதனால் வருடக்கணக்கில் கரி படிந்து எஞ்சின் நடுங்கத் தொடங்கும். வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோலைப் பீய்ச்சும் பழைய போர்ட் இன்ஜெக்‌ஷனில் இந்தத் தொல்லை கிடையாது. டீசலில், 2009ல் ஐரோப்பாவில் வந்த யூரோ 5 புகை விதிக்குப் பிறகு, புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் அங்கே கிட்டத்தட்ட எல்லாக் கார்களுக்கும் வந்துவிட்டது. அந்தக் கரி எரிந்து தீர வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரமாவது ஓட வேண்டும். தெருமுனை வரை போய்த் திரும்புகிற வேலைக்கு டீசல் வாங்கினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்குவது டைமிங் பெல்ட்டா செயினா என்று கேட்காமல் விலை பேசவே கூடாது. பெல்ட் என்றால், கம்பெனி சொன்ன கிலோமீட்டரோ வருடமோ எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றியிருக்க வேண்டும். பல எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதி வளைத்துவிடும், அதோடு எஞ்சின் கதை முடிந்தது. பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசலாம். என் வண்டியில் செயின். அதுவும் சாகாவரம் பெற்றதில்லை. ஆயில் சரியில்லாவிட்டால் நீண்டு, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது சில நொடிகள் சலசலக்கும்.

ஆட்டோமேட்டிக் வேண்டும் என்பவர்கள் கியர்பாக்ஸின் வகையையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. கிளட்ச்சுக்குப் பதில் ஆயில் வழியே விசையைக் கடத்தும் சாதாரண டார்க் கன்வெர்ட்டர் வகைதான் வயதான காலத்தில் நம்பிக்கையானது என்பது என் கட்சி. பல் சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடி என்றால், "ஆயுளுக்கும் ஆயில் மாற்றத் தேவையில்லை" என்று யார் சொல்லியிருந்தாலும், மாற்றிய பில் இருக்கிற வண்டியைத்தான் எடுப்பேன். ஆயிலில் நனையாத டிரை கிளட்ச் கொண்ட இரட்டைக் கிளட்ச் வகைக்கு நான் போகவே மாட்டேன். ஃபோர்டின் ஃபோகஸ், ஃபியஸ்டா கார்களில் வந்த இந்த வகை பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் விவகாரம் ஊரறிந்தது. அதன் நடுக்கம் குறித்த புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அங்குள்ள ஃபோர்டு நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. இந்த வகையில் நன்றாக ஓடுகிற வண்டிகளும் இருக்கும்தான். அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமை எனக்கில்லை.

பார்க்கப் போகும்போது, எஞ்சினைத் தொடாமல் வைத்திருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனேன். போனதும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சூடாக இருந்தால் நமக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைப் பேசும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கனத்த வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல் இனிப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. முதல் சில நிமிடம் லேசாக வரும் நீராவிக்குப் பயப்பட வேண்டாம். ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி கொஞ்சம் படிந்திருந்தாலும் உடனே எஞ்சினின் மேல் பாகத்தைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போச்சு என்று ஓடிவிட வேண்டியதில்லை, குறைந்த தூரமே ஓடிய வண்டியில் வெறும் ஈரத்தாலும் அப்படி வரும். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால் கிளம்பிவிடலாம்.

எஞ்சின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பிழைகளைப் படிக்கும், கைக்கடக்கமான ஓபிடி ஸ்கேனர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன். போனோடு புளூடூத்தில் சேரும் சாதாரண வகை. இதைச் செருகும் சாக்கெட் அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001லிருந்தும் கட்டாயம் என்பதால் பெரும்பாலான வண்டிகளில் இருக்கும். பலர் இதில் பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை என்றதும் திருப்திப்பட்டு மூடிவிடுகிறார்கள். அதற்குக் கீழே 'ரெடினெஸ் மானிட்டர்' என்று ஒரு பக்கம் இருக்கும், அதைப் பார்க்க வேண்டும். பிழையை அழித்தால் கம்ப்யூட்டர் தன் சோதனைகளை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அவை முடிய வண்டி சில நாள் ஓட வேண்டும். பாதிக்கு மேல் 'முடியவில்லை' என்று காட்டினால், எஞ்சின் விளக்கை அணைத்துவிட்டு நம்மை வரவேற்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படிக் காட்டும். அதனால் சண்டை போடாமல், ஒரு வாரம் கழித்து வந்து பார்க்கிறேன் என்று சொன்னால் போதும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2719 என்றால் 2019ஆம் வருடம் 27ஆவது வாரம் தயாரித்தது. ஸ்டெப்னியில் இருப்பதையும் பார்த்துவிட வேண்டும். வண்டியோடு வந்த டயர் என்றால் அதன் தேதி வண்டி தயாரான தேதிக்குக் கொஞ்சம் முன்பாக இருக்கும். கண்ணாடிகளின் மூலையில் உள்ள முத்திரையில் ஒன்று மட்டும் வேறாக இருந்தால், அந்தப் பக்கத்துக் கதவையும் தூணையும் நிதானமாகப் பார்ப்பேன். பானெட், ஃபெண்டர் போல்ட்களில் பெயின்ட் உடைந்து ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் அதைக் கழற்றியிருக்கிறார்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான், பட்டி வைத்து டிங்கரிங் செய்த இடத்தில் அது பல மடங்காகும். சின்ன உரசலுக்குப் பெயின்ட் அடித்திருந்தால் எனக்குப் பிரச்சினையில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டிதான் பிரச்சினை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரிந்துவிடும். அதைத் துடைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்னொன்று, 2000க்கும் 2015க்கும் இடைப்பட்ட வண்டி என்றால் டகாட்டா என்ற நிறுவனம் செய்த ஏர்பேக்குக்காக ரீகால், அதாவது கம்பெனி திரும்ப அழைத்து மாற்றித் தருவது, இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணை வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். அந்த ஏர்பேக்கில் வெடிக்கும் பொருள் அம்மோனியம் நைட்ரேட். வருடக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டால் அது கெட்டுப்போய், மோதும்போது இரும்புக் கூட்டையே சிதறடித்து ஆளைக் கொல்லக்கூடும். 2008ல் ஹோண்டா தொடங்கிய திரும்பப் பெறுதல் பல கம்பெனிகளுக்குப் பரவி, அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் இன்ஃப்ளேட்டர்கள், அதாவது ஏர்பேக்கை ஊதும் பாகங்கள், வரை போனது. டகாட்டா 2017ல் திவாலானது. ரீகால் வேலையைக் கம்பெனி இலவசமாகச் செய்து கொடுக்கும், கை மாறிய வண்டி என்றாலும்தான். பார்க்கும்போது ஒரு சின்ன விஷயம்: 17 இலக்க சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது. ஓ மாதிரி தெரிவது பூஜ்யம்.

கையிலிருந்த மொத்தப் பணத்தையும் வண்டிக்கே கொடுக்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்தேன், அது முதல் வருடத்திலேயே கரைந்தது. எல்லா ஆயில்களும், ஃபில்டர்களும், ஸ்பார்க் பிளக், ஃபேன் பெல்ட், பேட்டரி, நான்கு டயர். எதுவும் பழுதாகிச் செய்ததில்லை, கணக்கை முதலிலிருந்து தொடங்கத்தான். அடுத்த வருடம் முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்களும் ஷாக் அப்சார்பர்களும் மாற்றினேன். பள்ளத்தில் விழும்போது வந்த 'டொக்' சத்தம் நின்றது. அதுவரை ஸ்டியரிங் இவ்வளவு லூசாக இருந்தது என்பதே மாற்றிய பிறகுதான் தெரிந்தது.

பெரிதாகப் பயமுறுத்தியது ரேடியேட்டர்தான். கூலன்ட் மட்டம் மாதத்துக்கு ஒரு விரல்கடை இறங்கிக்கொண்டே வந்தது. தரையில் சொட்டு இல்லை, புகையில்லை, வெப்பமானி முள் அசையவில்லை. கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, அலுமினியமும் மேல் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் மடிப்பில் ரோஸ் நிறத்தில் உப்புப் பூத்த மாதிரி ஒரு கோடு. சூட்டில் கசிந்து, கீழே விழுமுன் அங்கேயே காய்ந்திருக்கிறது. ரேடியேட்டரோடு தெர்மோஸ்டாட், இரண்டு ஹோஸ், மூடி என்று எல்லாவற்றையும் மாற்றினேன். அந்த மூடி சின்னச் சாமான்தான், ஆனால் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதே அதுதான். இதைக் கவனிக்காமல் ஓட்டியிருந்தால் எஞ்சின் சூடேறி ஹெட் வளைந்திருக்கும். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள் பத்து வயது வண்டி வாங்க வேண்டாம், கூடக் கொஞ்சம் பணம் சேர்த்துப் புதிதாகவே வாங்கிவிடலாம்.

குறைகளும் உண்டு. வேகம் ஏறினால் டயர் சத்தம் பேச்சை அமுக்கிவிடும். ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகி, பாலிஷ் போட்டும் திரும்ப மஞ்சளாகிறது. ஏசி கேஸ் மெதுவாகக் குறைகிறது, எங்கே போகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. அப்புறம் இதில் இஎஸ்சி, அதாவது வண்டி நிலைதடுமாறாமல் காக்கும் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், இல்லை. அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயமான வசதி அது. மழையில் வளைவில் வழுக்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் அதற்கு ஈடில்லை. இன்று வாங்குவதாக இருந்தால் அலாய் வீல், பெரிய ஸ்கிரீன் எதுவும் கேட்கமாட்டேன், இஎஸ்சியை மட்டும் விடமாட்டேன்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் இன்றுவரை திறக்கப்படவில்லை. ஒரு ஆயில் மாற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆயில் ஊற்ற வேண்டியும் வரவில்லை. இப்போது கிளட்ச் முடியப் போகிறது. மேட்டில் டாப் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் இரைகிறது, வண்டி அந்த அளவுக்கு நகரவில்லை. செலவைக் கேட்டதும் வீட்டில் விற்றுவிடலாமா என்ற பேச்சு வந்தது. விற்கிற விலையோடு இந்தச் செலவை ஒப்பிட்டால் விற்கத்தான் தோன்றும். ஆனால் அந்தப் பணத்துக்கு வரப்போகிற வேறொரு பழைய வண்டியின் கிளட்ச், ரேடியேட்டர், புஷ் எல்லாம் எந்த நிலையில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதில் எது எப்போது மாற்றியது என்று ஃபைலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மாற்றவே கொடுக்கப் போகிறேன். கியர்பாக்ஸை இறக்கும்போதே பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்லியிருக்கிறேன். சீல் மலிவுதான். ஆனால் அது மட்டும் பிறகு கசிந்தால் மொத்தக் கூலியையும் இன்னொரு முறை அழ வேண்டும்.