கிட்டார் புரோ 8: 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' பழக எவ்வளவு உதவும்?

மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) இடது கைக்கு அவ்வளவு கஷ்டம் கிடையாது. பவர் கார்டுகள் (இரண்டு மூன்று கம்பியில் பிடிக்கும் எளிய கார்டுகள்), நடுவில் தடித்த கம்பியில் ஃப்ரெட் ஃப்ரெட்டாக (கழுத்தில் கட்டம் கட்டமாக) நகர்வது, அவ்வளவுதான். பாடுபடுவது வலது கை. 1986-இல் வந்த இந்த எட்டரை நிமிடப் பாட்டில் குழுவின் பாடகரும் கிட்டாரிஸ்டுமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு ரிஃப்பை டௌன்ஸ்ட்ரோக்கிலேயே (மேலிருந்து கீழ் மட்டும்) அடித்துத் தள்ளுகிறார். வேகமோ நிமிடத்துக்கு 210 பீட்டுக்கு மேல். மேலும் கீழுமாக மாற்றி அடித்தால் சுலபமாக வந்துவிடும், ஆனால் அந்த முரட்டு இறுக்கம் போய்விடும். எனக்கு அந்த இறுக்கம்தான் வேண்டும். அதற்காகவே கிட்டார் புரோ 8 வாங்கினேன். பிரான்சின் அரோபாஸ் மியூசிக் 2022-இல் வெளியிட்ட மென்பொருள் இது; டேப்பைத் (எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று சொல்லும் குறிப்பு) திரையில் காட்டி, வாசித்தும் காட்டும். மாதச் சந்தா கிடையாது, ஒரு தடவை பணம் கட்டினால் போதும்.

கொடுத்த காசு ஸ்பீட் டிரெய்னரிலேயே வசூல். நாலு பாரை (தாளச் சுற்றை) தேர்ந்தெடுத்து, 50 சதவீதத்தில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று வேகம் கூடும்படி வைத்துவிடலாம். கையை எடுத்து மவுஸைத் தொட வேண்டியதில்லை. 60 சதவீதத்தில் தளர்வாக ஆடும் மணிக்கட்டு 80-ஐத் தாண்டியதும் பூட்டிக்கொள்ளும், வேலை முழங்கைக்கு ஏறும். அந்த இடம் எது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிவது பெரிய விஷயம். அங்கிருந்து ஐந்து சதவீதம் இறக்கி, பிக்கின் (மீட்டும் வில்லையின்) நுனி மட்டும் கம்பியில் படும்படி அடித்துப் பழக வேண்டும்.

அடுத்த சிக்கல் தாளம். சரணத்து ரிஃப்பில் மூன்று பார் நாலு நாலாகப் போகும், நான்காவது பார் சட்டென்று குறுகும். பெரும்பாலான டேப்களில் அதை 5/8 (ஐந்து அரைத் தட்டு) என்று எழுதியிருப்பார்கள். கண்டசாபு கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஐந்து புதிதில்லை. ஆனால் ரெக்கார்டில் அது கணக்குக்கு அப்படியே அடங்குவதில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கோப்புகளும் ஆளுக்கொரு மாதிரி எழுதியிருக்கின்றன, சிலவற்றில் சுரமே தப்பு. நல்லவேளை, இந்தப் பதிப்பில் ஆடியோ கோப்பையும் ஸ்கோரோடு சேர்க்க முடிகிறது. டேப்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அசலைக் கேட்டால் எது சரி என்று காதே சொல்லிவிடும்.

நடுவில் வரும் மெதுவான பகுதிதான் எனக்கு உயிர். ஒரு டிராக்கை மியூட் செய்துவிட்டு இன்னொன்றோடு இரட்டைக் கிட்டார் வாசிக்கும் சுகத்தை எழுத்தில் சொல்ல வராது. அங்கே வரும் முதல் சோலோ ஹெட்ஃபீல்டுடையது. அப்புறம் வரும் வேகமான சோலோ குழுவின் இன்னொரு கிட்டாரிஸ்டான கிர்க் ஹாமெட்டுடையது, அதற்குத் தனி உழைப்பு தேவை.

குறை என்றால், மென்பொருளின் டிஸ்டார்ஷன் (கரகரப்பான) சத்தம் இயந்திரத்தனமானது. பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அடக்குவது) என்று டேப்பில் குறியீடு இருக்கும், உள்ளங்கையை பிரிட்ஜ் பக்கம் எவ்வளவு அழுத்துவது என்று இருக்காது. நாம் அடிப்பதைக் கேட்டுத் திருத்தவும் அதற்குத் தெரியாது. அதனால் நான் வாசித்ததை போனில் பதிந்து, அசலோடு ஒப்பிட்டுக் கேட்கிறேன்.

ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். பவர் கார்டே இன்னும் கைக்கு வரவில்லையா? பிளாக் சபாத்தின் 'பாரனாய்ட்' மாதிரி ஒன்றில் ஆரம்பியுங்கள். அதை ரெக்கார்டைக் கேட்டே பிடித்துவிடலாம், செலவும் இல்லை.