ஹாங்சோ: ஒரே நாளில் பார்த்துத் திரும்பக் கூடாத ஊர்

ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஹாங்சோவை அடைந்துவிடலாம் என்பதால், வெளிநாட்டுப் பயணிகள் பலர் அதைக் காலையில் போய் மாலையில் திரும்பும் ஊராகவே எண்ணிக்கொள்கிறார்கள். 2024 ஏப்ரலில் நானும் அவ்வாறே எண்ணி, ஒரு நாள் குழுச் சுற்றுலா ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தேன். லிங்யின் என்னும் பௌத்தக் கோயிலுக்கும் அதன் எதிரே இருக்கும் சிற்பக் குன்றுக்கும் சேர்த்து அவர்கள் ஒதுக்கிய நேரம் 50 நிமிடம். தேயிலை விற்கும் இடத்தில் எங்களை உட்கார வைத்த நேரமோ ஒன்றேகால் மணி. மனம் ஆறாமல், ஷாங்காய் திரும்பும் பயணச்சீட்டை மாற்றிக்கொண்டு மேலும் இரண்டு நாள் தங்கி, அதே இடங்களைத் தனியாகச் சென்று பார்த்தேன். இந்த மதிப்புரை அந்த இரண்டு நாள்களைப் பற்றியது.

மேற்கு ஏரியிலிருந்து தொடங்குவதே சரி. 2002 முதல் ஏரிக்கரைப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. மெட்ரோவின் முதல் தடத்தில் லோங்ஷியாங்சியாவ் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் தண்ணீரைப் பார்த்துவிடலாம். 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்த ஏரியை இயற்கைக் காட்சி என்று மட்டும் பார்த்தால் பாதியைத்தான் பார்த்தவராவோம். 1089இல் இந்நகரின் ஆட்சியராக வந்த கவிஞர் சூ ஷி, புல்லும் சேறும் மண்டிக் கிடந்த ஏரியைத் தூர்வாரச் செய்து, அள்ளிய மண்ணைக் கொண்டே ஏரிக்குக் குறுக்கே நீண்ட கரை ஒன்றை எழுப்பினார். ஆறு பாலங்களோடு 2.8 கிலோமீட்டர் செல்லும் அந்தச் சூ கரையில், ஒருபுறம் அகன்ற நீர்ப்பரப்பும் மறுபுறம் மலையடிவாரமும் தெரிய, வில்லோ மரங்களின் கீழ் காலை ஆறரை மணிக்கு நடந்ததுதான் இப்பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த மணி நேரம். அதற்கு ஒரு காசுகூடச் செலவில்லை. வடக்கே இருக்கும் பாய் கரை குட்டையானது, அழகானது, ஆனால் எந்நேரமும் நெரிசலானது. அங்கே 'உடைந்த பாலம்' என்று பெயர்பெற்ற பாலத்தைப் பார்க்க வருவோர் கூட்டமே அதற்குக் காரணம்.

நடு ஏரியில் இருக்கும் தீவுக்குப் படகுக் கட்டணமாக 55 யுவான் கொடுத்தேன். அதுவும் தூர்வாரிய மண்ணால் 1607இல் உருவான தீவுதான். உள்ளே குளங்கள் வெட்டப்பட்டிருப்பதால் ஏரிக்குள் தீவு, தீவுக்குள் ஏரி என்று அமைந்திருக்கிறது. ஒரு யுவான் தாளின் பின்புறம் அச்சாகியிருக்கும் கல் விளக்குத் தூண்கள் அதன் தென்புற நீரில் நிற்கின்றன. தாளைக் கையில் உயர்த்திப் பிடித்துப் படம் எடுப்பவர்கள் வரிசையாக நிற்பதால், தூண்களை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் முதல் படகில் போவது நல்லது.

லெய்ஃபெங் கோபுரத்துக்கு நான் கொடுத்த 40 யுவானைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 10ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பழைய கோபுரம் 1924இல் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது 2002இல் திறக்கப்பட்டது. ஏறுவதற்கு நகரும் படிகளும் மின்தூக்கியும் இருப்பதால் முதியவர்களுக்கு வசதி. பழைய அடித்தளச் செங்கற்களைக் கண்ணாடிக்குப் பின்னால் காட்டுகிறார்கள். மேலிருந்து ஏரி முழுவதும் தெரிகிறது. இக்கோபுரத்தின் அடியில் சிறைவைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் வெள்ளைப் பாம்புப் பெண்ணின் கதையை அறிந்தவர்களுக்கு ஆர்வம் கூடலாம். நேரம் குறைவாக இருந்தால் இதைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

விடவே கூடாதது லிங்யின். 4ஆம் நூற்றாண்டில் இதை நிறுவிய ஹுய்லி, இந்தியாவிலிருந்து வந்த துறவி என்பது மரபு. கோயிலுக்கு எதிரே இருக்கும் குன்றைப் பார்த்து, நம் நாட்டுக் கழுகு மலை எப்போது இங்கே பறந்து வந்தது என்று அவர் வியந்ததாகவும், அதனாலேயே அதற்குப் 'பறந்து வந்த சிகரம்' என்ற பெயர் ஏற்பட்டதாகவும் சொல்கிறார்கள். சுற்றிலும் மணற்கல் மலைகள் இருக்க, இது ஒன்று மட்டும் சுண்ணாம்புக்கல்லாக, குகைகளும் துளைகளுமாக நிற்பதை நேரில் பார்க்கும்போது அந்தக் கதை பிறந்த காரணம் புரிகிறது. 10ஆம் நூற்றாண்டிலிருந்து யுவான் பேரரசின் காலம் (13–14ஆம் நூற்றாண்டு) வரை செதுக்கப்பட்ட முந்நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் ஓடைக்கரையிலும் குகைச் சுவர்களிலும் இருக்கின்றன. கூட்டம் முழுவதும் தொந்தி பெருத்துச் சிரிக்கும், வருங்காலப் புத்தரான மைத்ரேயரின் முன்னால்தான் நிற்கிறது. நான் அதிக நேரம் செலவிட்டதோ குகைகளுக்குள். ஈரக்கல்லில் கண் பழகச் சில நிமிடங்கள் ஆகின்றன. பழகிய பிறகு, வெறும் பாறை என்று நினைத்த இடத்திலிருந்து ஒரு முகம், அதன் கீழே மடித்த கை, அதற்கும் கீழே தாமரை இதழ் என்று ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. ஐம்பது நிமிடத்தில் இது யாருக்கும் வாய்க்காது.

சிகரத்துக்கு 45 யுவான், கோயிலுக்குள் நுழையத் தனியாக 30 யுவான் என்று நான் சென்றபோது இரண்டு சீட்டுகள் வாங்க வேண்டியிருந்தது. கட்டணமும் முன்பதிவு முறையும் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கோயிலில் ஊதுவத்தி இலவசமாகவே கொடுக்கிறார்கள். வெளியே விற்பவர்களிடம் வாங்க வேண்டாம். பெரிய மண்டபத்தில் கற்பூர மரத்தில் செதுக்கிப் பொன்முலாம் பூசிய சாக்கியமுனி புத்தர் சிலை, பீடத்தோடு சேர்த்து 24.8 மீட்டர் உயரம். 1950களில் செய்யப்பட்டது என்று அறிந்தபோதும் அதன் கம்பீரம் எனக்குக் குறையவில்லை.

நடைமுறைச் செய்திகள் சில. பெரும்பாலான இடங்களில் பணத்தை அலிப்பே என்ற கைபேசிச் செயலி வழியாகவே செலுத்தினேன். பன்னாட்டு அட்டையை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அதில் இணைத்துவிடுங்கள். கடவுச்சீட்டு எப்போதும் கையில் இருக்கட்டும். மே முதல் நாளை ஒட்டிய விடுமுறையையும் தேசிய விடுமுறையான அக்டோபர் முதல் வாரத்தையும் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

கடைசி நாள் மாலை, ஏரியின் மேற்குக் கரையில் உள்ள குவோ தோட்டத்துக்குச் சென்றேன். 1907இல் ஒரு பட்டு வணிகர் தமக்காகக் கட்டிய வீட்டுத் தோட்டம் அது. சீட்டுக்கு 10 யுவான் கொடுத்தேன். வெளியே இருந்து பார்த்தால் வெள்ளைச் சுவர் மட்டும்தான் தெரியும். உள்ளே குளம், அதைச் சுற்றிக் கூரையிட்ட நடைபாதை, செயற்கைக் குன்று என்று நடந்து கடைசி வாயிலைக் கடக்கும்போது, அதுவரை மறைந்திருந்த மேற்கு ஏரி முழு அகலத்தில் திறக்கிறது. எதிரே, காலையில் நான் நடந்த சூ கரை ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது. நீரோரத்து மேசை ஒன்றில் இவ்வூரின் பச்சைத் தேயிலையான லோங்ஜிங்கில் போட்ட தேநீர் வாங்கி உட்கார்ந்தேன். கண்ணாடிக் குவளையில் இலைகள் அடியில் இறங்கிவிட்ட பிறகும் வெந்நீரை மறுபடி மறுபடி ஊற்றிக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் இருந்தேன், யாரும் எழுந்துபோகச் சொல்லவில்லை.