கிராஃபோர்டு பாதையில் தனியாக ஒரு குளிர்காலப் பகல்: பல பருவங்கள் உழைத்த உடைகளும் கருவிகளும்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில வெள்ளை மலைகளில், குளிர்காலத்தில் ஒரே பகலில் தனியாகப் போய்வர ஏற்றது பியர்ஸ் மலை. உயரம் 1,314 மீட்டர். 1819இல் வெட்டிய கிராஃபோர்டு பாதை வழியாகப் போக 5 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 730 மீட்டர். பெரும்பகுதி ஸ்ப்ரூஸ், ஃபர் என்ற ஊசியிலை மரங்களுக்குள்ளேயே நடக்கலாம். உச்சியை ஒட்டி மரங்கள் குட்டையாகி, சட்டென்று வெட்டவெளி வந்துவிடும். கொண்டுபோன பொருள் ஒவ்வொன்றின் தரமும் அந்தக் கடைசி சில நூறு மீட்டரில்தான் தெரியும்.

கீழே சொல்லியிருப்பவை பல குளிர்காலம் தொடர்ந்து பயன்படுத்திய பொருள்கள். ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் மதிப்பிட்டிருக்கிறேன்: கையுறையைக் கழற்றாமல், யார் உதவியும் இல்லாமல் இதைக் கையாள முடிகிறதா?

முதலில் உடை. மரங்களுக்குள் ஏறும்போது குளிரைவிட வியர்வைதான் பெரிய எதிரி. உடம்பை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி உடுப்பு, அதன்மேல் கட்டம் கட்டமாக நெய்த ஃப்ளீஸ் (மென்மயிர் போன்ற செயற்கைத் துணி), இவ்வளவு போதும். கிளம்பிய முதல் 15 நிமிடம் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் ஒரு உடுப்பு அதிகம் என்று அர்த்தம். மெரினோ நாற்றம் பிடிக்காது, ஆனால் பையின் பட்டை உரசும் தோளிலும் இடுப்பிலும் ஓட்டை விழும். இரண்டு மூன்று பருவத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஃப்ளீஸ் அதைவிட நெடுநாள் உழைக்கிறது.

நீர்புகா மேலங்கிக்குப் பராமரிப்புதான் எல்லாம். வெளித்துணியில் நீர் முத்தாக உருளாமல் ஊற ஆரம்பித்தால், உள்ளேயிருந்து ஆவி வெளியேறாது. அங்கி ஒழுகுகிறது என்று தோன்றும், உண்மையில் நனைப்பது நம் வியர்வை. இதற்கென்றே விற்கும் சோப்பில் துவைத்து, லேபிள் அனுமதித்தால் டிரையரில் மிதமான சூட்டில் உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் தேறாவிட்டால் நீர்விலக்கிப் பூச்சை மறுபடி ஏற்ற வேண்டும். தோள்பகுதியில் உள்சவ்வு கொப்புளம் கொப்புளமாகப் பிரிந்துவிட்டால் துவைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். வாங்கும்போது அக்குளுக்குக் கீழே ஜிப் இருக்கிறதா, எல்லா ஜிப்பிலும் நீளமான கயிறு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கயிறு இல்லையென்றால் நாமே கட்டிக்கொள்ளலாம். சின்ன வேலைதான், ஆனால் மற்ற எல்லா மாற்றத்தையும்விட இதுதான் அதிகம் உதவுகிறது.

உடை மாற்றும் இடம் வெட்டவெளி அல்ல. அடர்ந்த மரம் முடிவதற்கு முன்பே நின்றுவிடுங்கள். உடனே தடித்த செயற்கைப் பஞ்சு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏதாவது சாப்பிடுங்கள். பிறகு அதைக் கழற்றி மேலங்கி, முகமூடி, காகிள்ஸ் (காற்றுப் புகாத பனிக் கண்ணாடி), கடைசியாக மிட்டன் (விரல்கள் பிரியாத தடித்த கையுறை), இந்த வரிசையில். காகிள்ஸை வியர்த்த நெற்றியில் ஏற்றிவைத்தால் ஆவி படிந்து உறைந்துவிடும்; உள்பக்கத்தைத் துடைத்தால் பூச்சு கீறிப்போய் அடுத்தமுறை இன்னும் மோசமாகும். பஞ்சு ஜாக்கெட்டை வீட்டில் அமுக்கி வைக்காதீர்கள், தொங்கவிடுங்கள். அமுங்க அமுங்க அதன் சூடு குறையும்.

கைக்கு மூன்று ஜோடி: ஏறும்போது மெல்லியது, மேலே மிட்டன், பைக்குள் காய்ந்த மிட்டன் இன்னொன்று. மணிக்கட்டில் மாட்டும் வார் இல்லாத மிட்டன் வேண்டாம். காற்று பறித்துக்கொண்டு போனால் அன்றைய நடை அதோடு முடிந்தது.

காலுக்கு மைக்ரோஸ்பைக் (ரப்பர் பட்டையால் காலணிமேல் மாட்டும், சங்கிலியில் கோத்த கூர்முனைகள்) இந்தப் பாதையில் பெரும்பாலான நாள் போதும். வெறும் பாறையில் நடந்தால் முனை மழுங்கும். கடுங்குளிரில் ரப்பர் விறைக்கும். ஓரத்தில் வெடிப்பு தெரிந்த பருவத்திலேயே மாற்றிவிடுங்கள், அது அறுவது எப்போதும் இறக்கத்தில்தான். ஒவ்வொரு முறையும் உலர்த்தி வைக்காவிட்டால் சங்கிலி துருப்பிடிக்கும். வெப்பநிலை 0 டிகிரியை நெருங்கினால் அடியில் பனி உருண்டையாகத் திரளும், கோலால் தட்டிக்கொண்டே இறங்க வேண்டும். புதுப்பனியில் கால் புதைந்தால் ஸ்னோஷூ (பனியில் புதையாத அகன்ற அடிப்பலகை) போடுங்கள். கால் புதைந்த குழிகள் உறைந்துபோனால் பின்னால் வருபவர் கணுக்கால் மடங்கும்.

குழாய்வைத்த தண்ணீர்ப்பை உறைந்துவிடும். அகலவாய் பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் தலைகீழாக வைத்தால் பனிக்கட்டி அடிப்பக்கத்தில் கட்டும், மூடி திறக்கும். ஹெட்லாம்ப்புக்கு லித்தியம் ஏஏ பேட்டரி. ஆல்கலைன் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். டிசம்பரில் மாலை 4 மணி தாண்டியதும் சூரியன் மறைவதால் லாம்ப் கட்டாயம். போன் மார்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும்.

வானிலைக்கு, இதே மலைத்தொடரின் வாஷிங்டன் சிகரத்தில் இருக்கும் மவுண்ட் வாஷிங்டன் ஆய்வகம் வெளியிடும் உயர்சிகர முன்னறிவிப்பைப் பாருங்கள். அடிவார ஊரின் கணிப்பு இங்கே உதவாது. மைனஸ் 15 டிகிரியில் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 30. ஆனால் இந்த உடைகளும் கருவிகளும் திணறுவது அந்த வறண்ட குளிரில் அல்ல. காலையில் 1 டிகிரியில் மழையோ ஈரப்பனியோ பெய்து, குளிர்முகம் (குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) கடந்ததும் காற்று வடமேற்குக்குத் திரும்பி, மாலைக்குள் மைனஸ் 10க்கு இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். நனைந்த உடை உடம்பிலேயே விறைக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மேலங்கியும் அதற்கு ஈடுகொடுக்காது. அப்படிக் கணிப்பு இருந்தால் தனியாகக் கிளம்பாதீர்கள்.

மாநில மீன்வள வனவிலங்குத் துறையின் ஹைக் சேஃப் அட்டை ஒருவருக்கு ஆண்டுக்கு 25 டாலர். அது இருந்தால், கவனக்குறைவால் மீட்பு தேவைப்பட்டாலும் அந்தச் செலவு நம் தலையில் விழாது. தெரிந்தே செய்த அசட்டுத் துணிச்சலுக்கு அது பொருந்தாது.

பியர்ஸிலிருந்து பார்த்தால், 1,451 மீட்டர் உயரமுள்ள ஐசன்ஹோவர் மலை பக்கத்தில் நிற்பதுபோல் தெரியும், தொடர்ந்து போகத் தோன்றும். வழி திறந்தவெளி, அடையாளக் கற்குவியல்கள் உறைபனி மூடிக் கிடக்கும், நம் தடமே சில நிமிடத்தில் அழிந்துவிடும். குட்டை ஸ்ப்ரூஸ் மரங்களைச் சுற்றிப் பனிக்கடியில் இடுப்பளவு வெற்றிடங்கள் உண்டு. தனியாக விழுந்தால் ஏறிவர நேரமெடுக்கும். வாஷிங்டன் சிகரத்தின்மேல் தொப்பிபோல் மேகம் உட்கார்ந்திருந்தாலோ, மதியம் 12 தாண்டியிருந்தாலோ பியர்ஸிலிருந்தே திரும்பிவிடுங்கள்.