கடவுள் போனபின் கடமை நிற்குமா: எலியட்டா, நீட்சேயா?

1873இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரித் தோட்டத்தில் ஆண் பெயரில் எழுதிய ஆங்கிலப் பெண் நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட் நடந்தபடி பேசியதை, கூட நடந்த கவிஞர் மையர்ஸ் பிற்பாடு எழுதிவைத்தார். கடவுள், அமரத்துவம், கடமை. முதலாவதை நினைத்துப்பார்க்கவே முடியாது, இரண்டாவதை நம்ப முடியாது, ஆனால் மூன்றாவதைத் தட்டவே முடியாது என்றாராம்.

போகிறபோக்கில் சொன்னதல்ல இது. 1842இல் தேவாலயத்துக்கு வர மாட்டேன் என்று அப்பாவோடு மல்லுக்கு நின்றவர் அவர். ஜெர்மன் தத்துவவாதி ஃபாயர்பாக்கின் கிறிஸ்தவ விமர்சனத்தை 1854இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். மனிதர்கள் தங்களுடைய அன்பையே வானத்தில் ஏற்றிவைத்துக் கடவுள் என்று கும்பிடுகிறார்கள் என்பது ஃபாயர்பாக்கின் வாதம். அப்படியென்றால், கடவுளைக் கழித்தாலும் அன்பு நம்மிடமே மிஞ்சும். எலியட்டின் கணக்கு அதுதான்.

இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி நீட்சேக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. பாதிரியார் வீட்டுப் பிள்ளை, உள்விவரம் தெரிந்தவர். 1888இல் எழுதிய நூலில் எலியட்டைப் பெயர் சொல்லியே சாடுகிறார். (பெண் என்ற இளக்காரமும் அதில் உண்டு, அதைத் தள்ளிவிடுவோம்.) எது நல்லது என்று மனிதனுக்குத் தெரியாது, கடவுளுக்கே தெரியும்: கிறிஸ்தவ ஒழுக்கம் நிற்பதே இதன்மேல்தான். நடுத்தூணை உருவிவிட்டுக் கூரை மட்டும் வேண்டுமென்றால் எப்படி? அதற்கு முந்தைய ஆண்டே இன்னும் ஆழத் தோண்டியிருந்தார். பணிவும் பொறுமையும் நற்குணங்களானது எப்படி? எதிர்க்க வலுவில்லாதவர்களின் மனக்கசப்பு, தன் இயலாமைக்கே அப்படிப் பெயர் சூட்டிக்கொண்டது என்றார். இரக்கம் நல்லதுதானா என்ற கேள்வியையும் கேட்டார். எலியட் அந்தப் பக்கமே போகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், 1958இல் கத்தோலிக்கரான ஆங்கிலத் தத்துவவாதி ஆன்ஸ்கம்பும் கிட்டத்தட்ட இதையே சொன்னார். சட்டம் தரும் கடவுளை விட்டுவிட்டு ஒழுக்கக் கடமை என்று பேசுவது, குற்றவியல் சட்டமும் நீதிமன்றமும் ஒழிந்தபின் 'குற்றவாளி' என்ற சொல்லை மட்டும் வைத்திருப்பது போல என்றார்.

சரி, நடந்தது என்ன? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம்மைக் கிறிஸ்தவர் என்றவர்கள் 2011இல் 59.3 சதவீதம், 2021இல் 46.2. அங்கே கூரை இடிந்து விழுந்துவிடவில்லை. எலியட் ஜெயித்தார் என்று சொல்லலாம்தான். ஆனால் கடவுள் இறந்தாலும் அவருடைய நிழலை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் குகைகளில் காட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நீட்சே 1882இலேயே எழுதிவிட்டார். கெட்டிக்காரர், தவணையை நீளமாகப் போட்டுக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக்காரராக யார் வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் எலியட் என்பேன். ஆனால் இரக்கமே இல்லாத ஒருவன் வந்து, 'நான் ஏன் இரக்கப்பட வேண்டும்?' என்று கேட்டால், அவனுக்குச் சொல்ல எலியட்டிடம் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.