விட்டு விட்டு நின்ற டீசல் இன்ஜின்: ஒரு பைபர் படகில் ஆறு ஆண்டு அனுபவம்

பாக் நீரிணைக் கரையில் 28 அடி நீளமுள்ள பைபர் படகு ஒன்றை ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அதில் இருப்பது காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். 10 குதிரைத்திறன், கையால் சுழற்றிக் கிளப்புவது, நீண்ட தண்டின் நுனியில் படகைத் தள்ளும் விசிறி. டேங்க் இன்ஜினைவிடத் தாழ்வாக, அடித்தட்டில் இருக்கிறது. ஆகவே டீசலை மேலே இழுத்துக் கொடுப்பது பீட் பம்பின் வேலை. முதல் இரண்டு ஆண்டுகள் ஆயிலும் பில்டரும் மாற்றியதைத் தவிர வேறு செலவு வைக்காத இன்ஜின் இது. மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் தொடங்கிய கோளாறு ஐந்து மாதம் நீடித்தது. அதைக் கண்டுபிடித்த விதத்தை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

கரையிலிருந்து புறப்பட்டு 40 நிமிடம் வரை எந்தக் குறையும் தெரியாது. அதன் பிறகு வேகம் தானாகக் குறையும், கூடும், மறுபடி குறையும், முடிவில் நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டுச் சுழற்றினால் சில நாள் ஒரே முயற்சியில் கிளம்பும், சில நாள் பீட் பம்பின் கைநெம்பை அடித்து, டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகே கிளம்பும். கரைக்கு இழுத்து வந்து மெக்கானிக்கிடம் காட்டினால் சுமை இல்லாமல் மணிக்கணக்கில் ஓடும். கோளாறு கண்ணெதிரே வராதபோது அவரும் ஊகத்தில்தான் கைவைக்க வேண்டியிருந்தது. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் சரிபார்க்கப்பட்டது, பிறகு நாசிலுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்பும் கழற்றப்பட்டது. இரண்டிலும் குற்றம் இல்லை. ஆனால் பணம் போனது, பருவத்தின் நல்ல நாட்களும் போயின.

வழி காட்டியவர் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். “எதையும் கழட்டாத தம்பி. நிக்கிறப்போ எப்படி நிக்குதுன்னு மொதல்ல பாரு” என்றார். டீசல் இன்ஜினில் இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். விசிறியில் வலையோ கடல்தாழையோ சுற்றியிருந்தால் கரும்புகை தள்ளி, முக்கி முனகி வேகம் இறங்கும். சூடு மிஞ்சிப் பிஸ்டன் இறுகினால் நின்ற பிறகு கையால் சுழற்றுவதே கடினமாக இருக்கும். டீசல் போதவில்லை என்றால்தான் வேகம் அலைபாய்ந்து, கரும்புகை இல்லாமல் அணையும். என் இன்ஜின் மூன்றாவது விதமாக அணைந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒரு சிறு நோட்டில் புறப்பட்ட நேரம், டேங்கில் இருந்த டீசல், காற்று, நின்ற நேரம், மறுபடி கிளம்ப எடுத்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வந்தேன். மூன்று வாரக் குறிப்பில் ஒன்று தெளிவானது: அலை அடித்த நாட்களிலும், முழு வேகத்தில் ஓட்டிய நாட்களிலும் மட்டுமே நின்றிருக்கிறது, பாதி வேகத்தில் போன நாட்களில் ஒருமுறைகூட நிற்கவில்லை.

முதலில் சந்தேகப்பட்டது டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளையை. அது அடைத்திருந்தால் டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். நின்ற உடனே மூடியைத் திறந்து பார்த்தேன். காற்று உள்ளே இழுபடும் ஓசை இல்லை, துளையும் திறந்தே இருந்தது. அடுத்து, பில்டருக்கும் பீட் பம்புக்கும் இடையில் ஒரு முழம் ஒளி ஊடுருவும் ஹோஸைப் பொருத்தினேன். மெதுவாக ஓடும்போது டீசல் தெளிவாகப் போனது. முழு வேகம் கொடுத்ததும் சிறு குமிழிகள் வரிசையாக வந்தன. ஆனால் வெளியே எங்கும் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பம்பு உறிஞ்சும் பக்கத்தில் இணைப்பு தளர்ந்திருந்தால், ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். கையால் தடவிப் பார்த்து “ஈரம் இல்லை, இணைப்பு நன்றாக இருக்கிறது” என்று முடிவு செய்வது தவறு.

தீர்ப்புச் சொன்ன சோதனை மிக எளியது. சுத்தமான டீசல் நிரப்பிய 5 லிட்டர் கேனை இன்ஜினைவிட உயரமாகக் கட்டி, டேங்க் குழாயைப் பில்டருக்கு முன்னால் கழற்றிவிட்டு, அங்கே கேனின் குழாயை இணைத்தேன். அலை அடித்த நாளிலேயே முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடியது, தடங்கல் இல்லை. மேலிருந்து டீசல் தன் எடையால் இறங்கியதால், பில்டரின் மேல் திருகில் இருந்த பழைய செம்பு வாஷர் வழியாக இப்போது ஈரம் கசிந்தது. காற்று நுழைந்த இடம் அதுதான்.

வாஷரை மட்டும் மாற்றியிருந்தால் கோளாறு பாதிதான் தீர்ந்திருக்கும். மெதுவாக ஓடும்போது அந்த வாஷர் காற்றை விடவில்லையே, வேகத்தில் மட்டும் ஏன் விட்டது? உறிஞ்சும் பாதையில் எங்கோ அடைப்பு இருந்து இழுவிசையைக் கூட்டியிருக்க வேண்டும். டேங்கிலிருந்து உறிஞ்சுகுழாயை வெளியே எடுத்தபோது அதன் நுனியில் இருந்த சன்னக் கம்பிவலை முழுவதும் கருநிற வழவழப்புப் படிந்திருந்தது. டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீருக்கும் அதன்மேல் நிற்கும் டீசலுக்கும் இடையிலான எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து உண்டாக்கும் கசடு அது. அலையில் டேங்க் குலுங்கும்போது கிளம்பி வலையில் ஒட்டிக்கொள்கிறது. இன்ஜின் நின்றதும் இழுவிசை இல்லாமல் தானே விலகுகிறது. பத்து நிமிட ஓய்வில் இன்ஜின் குணமாவதுபோல் தோன்றியதற்கு இதுவே காரணம்.

டேங்கை வெளியே எடுத்துக் கழுவி நன்கு உலர வைத்தேன். கைக்கு எட்டாத அந்தச் சன்ன வலையை நீக்கிவிட்டு, எட்டும் இடத்தில் கண்ணாடிக் கிண்ணம் உள்ள நீர் பிரிப்பான் ஒன்றைப் பொருத்தினேன். அடியில் கசடு இருந்தாலும் எட்டாதபடி உறிஞ்சுகுழாயை இரண்டு விரற்கடை உயர்த்தினேன். வாஷர்கள், ஹோஸ்கள், கிளிப்புகள் எல்லாம் புதியவை. நாசிலுக்கும் பம்புக்கும் வீணாகக் கொடுத்ததில் கால் பங்குகூட இதற்கு ஆகவில்லை. கரை திரும்பியதும் டேங்கை நிரப்பி வைப்பதையும் வழக்கமாக்கினேன். பாதி காலியாக இருந்தால் இரவுக் குளிரில் உட்புறச் சுவரில் நீர் கோத்து அடியில் இறங்கும். ஒரே நாளில் தெரியாவிட்டாலும் ஒரு பருவத்தில் தெரியும்.

அதன் பிறகு மூன்று ஆண்டுகளில் இன்ஜின் கடலில் நின்றதில்லை. சென்ற கார்த்திகையில், வாடைக்காற்று பலமாக இருந்த ஒரு விடியலில், வேகம் சற்றே அலைபாய்வதைக் கேட்டேன். கிண்ணத்தின் அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர் தெரிந்தது. இன்ஜினை நிறுத்தித் திருகைத் திறந்து நீரை ஒரு டப்பாவில் பிடித்தேன், கைநெம்பை இருபது முறை அடித்தேன், மறுபடி கிளப்பினேன். வலை போட வேண்டிய இடத்துக்கு நேரத்திலேயே போய்ச் சேர்ந்தோம்.